ஹோஸ் ரீல், கேபிள் ரீல் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பட்டறையில் காற்று ஹோஸ் ரீல் மக்கர் செய்தால் முதலில் காதில் விழுவது, "அண்ணே, ஸ்பிரிங் போயிடுச்சு" என்பதுதான். உடனே ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். பெரும்பாலான நேரம் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரோலரில் கிரீஸும் தூசியும் சேர்ந்து இறுகியிருக்கும். இல்லையென்றால் ஹோஸ் டிரம்மின் ஒரு ஓரமாகக் குவிந்து சட்டத்தில் உரசிக்கொண்டிருக்கும், அல்லது லாக் நாக்கு பல்லில் சிக்கியிருக்கும். மூன்றையுமே டிரம்மைத் திறக்காமல் சரி செய்துவிடலாம். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் வெளியே தெரியும் பாகத்திலிருந்து உள்ளே போகிற வரிசையில்தான் காரணம் தேடியிருக்கிறேன். ஸ்பிரிங் எப்போதும் கடைசி.

நான் மனதில் வைத்திருப்பது ஒரு வாகன சர்வீஸ் பட்டறையையோ சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டையோதான். கூரையில் ஸ்பிரிங் வைத்த காற்று ரீல்கள், வாட்டர் வாஷ் பக்கம் ஒரு தண்ணீர் ரீல், தரையில் தூக்கிக்கொண்டு போகிற கேபிள் ரீல், சுவரில் ஒரு தீயணைப்பு ரீல். பெரிய தொழிற்சாலையிலும் கோளாறுகள் இவைதான், எண்ணிக்கை மட்டும் கூடும்.

கை வைக்கும் முன்

காற்று ரீல் என்றால் லைன் வால்வை மூடிவிட்டு, முனையில் இருக்கும் ஏர் கன்னை அழுத்தி ஹோஸுக்குள் நிற்கும் காற்றை முழுக்க வெளியே விடுங்கள். வால்வை மூடியதும் வேலை முடிந்தது என்று நினைத்துக் கப்ளிங்கைக் கழற்றினால் ஹோஸ் சாட்டை மாதிரி வீசும். கேபிள் ரீல் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ஹோஸ் முழுக்கச் சுருண்டு நிற்கும்போதும் ஸ்பிரிங்கில் சில சுற்று இழுவை இருக்கும், அது சும்மா நிற்பது போலத் தெரிந்தாலும் சரி. அந்த வட்ட டப்பாவுக்குள் தட்டையான எஃகுப் பட்டை நெருக்கமாகச் சுற்றி அடைக்கப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் விளிம்பு கூரான அந்தப் பட்டை ஒரு நொடியில் வெளியே பாயும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் டப்பாவோடு சேர்த்து மாற்றுங்கள். டப்பாவைத் திறந்து பட்டையை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இழுத்தால் வருகிறது, திரும்பச் சுருளவில்லை

முதலில் லாக்கைப் பாருங்கள். ஸ்பிரிங் ரீலில் ஹோஸை இழுக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் இடத்தில் விட்டால் ஹோஸ் அங்கேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்து, சத்தம் அடங்கிய இடத்தில் விட்டால் சுருளும். இது புதிதாகச் சேர்ந்த பையனுக்குத் தெரியாமல் இருப்பதே பல 'ரிப்பேர்'களுக்குக் காரணம். வேகமாக ஒரே இழுப்பாக இழுத்துப் பார்க்காமல், அரை அடி அரை அடியாக இழுத்து விட்டுப் பாருங்கள்.

லாக் சரியாக விடுபடுகிறது, ஆனாலும் சோம்பலாகச் சுருள்கிறது என்றால், தடை வெளியிலா உள்ளேயா என்று பிரிக்க வேண்டும். இரண்டு மீட்டர் ஹோஸை இழுத்துக்கொண்டு, அதை ரோலருக்குள் கையாலேயே தள்ளிக் கொடுங்கள். ரோலருக்கும் டிரம்முக்கும் நடுவில் ஹோஸ் தொய்வாக இருக்கும்போது டிரம் தானாக விறுவிறுவென்று இழுத்துச் சுற்றிக்கொண்டால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, தடை ரோலரிலோ ஹோஸின் வெளிப்பக்கத்திலோதான். டிரம்மே சோர்வாகச் சுற்றினால் அடுத்ததாக உள்ளே பார்க்கலாம். விரலை டிரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் விடாதீர்கள்.

வெளித் தடை என்றால், நான்கு ரோலரையும் விரலால் உருட்டுங்கள். ஒன்று உருளாமல் ஹோஸ் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனால், அந்த ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதைக் கழற்றி, அது சுழலும் அச்சு ஊசியைத் துடைத்துப் போடுங்கள், தட்டையாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஹோஸை முழுக்க இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பிடித்தபடியே சுருள விடுங்கள். தின்னரோ பெட்ரோலோ வேண்டாம். அழுக்கு போகும், கூடவே பிவிசி ஹோஸும் பியூ (பாலியூரித்தேன்) ஹோஸும் கெட்டுப்போகும்.

இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. பழைய ஹோஸ் கிழிந்தபோது அதே நீளத்தில் வேறு ஹோஸ் போட்டிருப்பார்கள். எடை குறைந்த பியூ ஹோஸுக்கென்று வடிவமைத்த ஸ்பிரிங், கனமான ரப்பர் ஹோஸைக் கூரை உயரத்துக்கு இழுக்கத் திணறும். பருமனான ஹோஸ் என்றால் டிரம் நிரம்பி ஓரத்தில் உரசும். காற்று நிரம்பிய ஹோஸ் விறைப்பாக இருக்கும் என்பதால், காற்றை இறக்கிவிட்டுச் சுருட்டும்போது நன்றாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஸ்பிரிங்கில் இழுவைதான் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், அதைக் கூட்டும் வழி இது:

1. ஹோஸை ஒன்றிரண்டு மீட்டர் இழுத்து லாக்கில் நிறுத்துங்கள். லாக் உறுதியாக மாட்டியிருக்கிறதா என்று டிரம்மைக் கையால் அசைத்துப் பாருங்கள்.
2. முனையில் உள்ள ஸ்டாப்பர் பந்தையும் கப்ளிங்கையும் கழற்றி, ஹோஸ் முனையை ரோலருக்கு உள்பக்கம் எடுங்கள்.
3. டிரம் அசையாமல் இருக்க, ஹோஸை டிரம்மின் மேல் கையால் ஒரே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். ஒரு சுற்று ஹோஸ் கூடினால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று இழுவை கூடும்.
4. முனையை மறுபடி ரோலர் வழியாக வெளியே எடுத்துப் பந்தைப் பூட்டி, சுருள விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு சுற்று.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹோஸை முழுக்க, கடைசிச் சுற்று வரை இழுங்கள். அந்த நிலையில் டிரம்மைக் கையால் இழுக்கும் திசையிலேயே இன்னும் ஒரு சுற்றாவது திருப்ப முடிய வேண்டும். முடியவில்லை என்றால், ஹோஸ் தீரும் முன்பே ஸ்பிரிங் இறுகி முட்டுகிறது என்று பொருள். அப்படியே விட்டால் அடுத்த முறை யாராவது வேகமாக இழுக்கும்போது ஸ்பிரிங் உள் நுனியில் ஒடியும். கூட்டிய சுற்றில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

டிரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்றால் மட்டும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது.

லாக் நிற்கவில்லை, அல்லது வேகமாக ஓடி மோதுகிறது

லாக் நாக்கின் முனை மழுங்கியிருக்கும், அல்லது அதைப் பல்லில் அழுத்திப் பிடிக்கும் குட்டி ஸ்பிரிங் கழன்றிருக்கும். இரண்டும் மலிவான பாகங்கள். பல் சக்கரமே தேய்ந்துவிட்டால்தான் செலவு. கிரைண்டிங் தூசி விழும் இடம் என்றால் அங்கே கிரீஸ் பூசாதீர்கள். அந்தத் தூசியும் கிரீஸும் கலந்து அரைத்துத் தள்ளிவிடும். வேகமாக ஓடுவதற்குக் கூட்டி வைத்த ஸ்பிரிங்கும், முனையைக் கையில் பிடித்து நடக்காமல் அப்படியே விடும் பழக்கமும் காரணம். ஸ்டாப்பர் பந்து நழுவி மேலே போயிருந்தால் பித்தளைக் கப்ளிங் நேராக ரோலரில் போய் மோதும். ரோலர் சட்டம் உடைவது அப்படித்தான்.

ஹோஸ் ஒரு பக்கமாகவே குவிகிறது

ரீலைக் கூரையில் மாட்டிவிட்டு, ரோலர் கையைச் சுவரில் மாட்டும் நிலையிலேயே விட்டிருப்பார்கள். பெரும்பாலான ரீல்களில் அந்தக் கையை நான்கைந்து நிலைகளில் போல்ட் போட முடியும். ஹோஸ் கீழே இறங்கும் திசைக்கு நேராக அதைத் திருப்பி வையுங்கள். அப்படியும் குவிந்தால், வேலை நடக்கும் இடம் ரீலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. சுழலும் பிராக்கெட் போடுங்கள், அல்லது ரீலையே இடம் மாற்றுங்கள்.

புஸ்ஸென்று காற்று கசிகிறது

பட்டறை ஓடும்போது இந்தச் சத்தம் கேட்காது. சாயங்காலம் எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் காற்றேற்றி வைத்துவிட்டு நடந்து பாருங்கள், ரீல் ரீலாகக் கேட்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மிமீ ஓட்டை ஒன்று இருந்தால், அந்தக் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் சுமார் 3 முதல் 4 கிலோவாட் மின்சாரம் இழுக்கிறது. அதுவும் லைனில் காற்று இருக்கிற நேரமெல்லாம். கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கின் விலையோடு ஒப்பிட்டால் இதைத் தள்ளிப்போடவே மனசு வராது.

சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள்: லைன் ரீலுக்குள் நுழையும் மரை, டிரம்மின் நடு அச்சில் உள்ள ஸ்விவல் (சுழலும் இணைப்பு), முனைக் கப்ளிங். மரையில் கொப்பளித்தால் கழற்றிப் பழைய டெஃப்ளான் டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். பழையதன் மேலேயே சுற்றுவதில் பயனில்லை. கப்ளிங்கில் வந்தால் கப்ளிங்கை மாற்றுங்கள்.

ஸ்விவலில் வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். சுழலும் அச்சுக்கும் நிற்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங்கை ஊசியால் மெதுவாக நெம்பி எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். நல்ல ஓ-ரிங் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். வயதானது சுற்றிலும் ஒரே சீராகத் தட்டையாகி, அழுத்தினால் எழும்பாமல் கிடக்கும். அப்படியென்றால் ஆயுள் முடிந்தது, மாற்றினால் சரி. ஆனால் ஒரே ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, எதிர்ப்பக்கம் புதிதுபோல் இருந்தால் குற்றம் ஓ-ரிங்கில் இல்லை. ஜிஐ பைப்பை நேராக ஸ்விவலில் முறுக்கியிருப்பார்கள். அந்தப் பைப்பின் எடையும் அதிர்வும் அச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் மறுபடி கசியும். பைப்புக்கும் ரீலுக்கும் நடுவில் கட்டாயம் ஒரு குட்டை வளைவு ஹோஸ் வேண்டும், அதுவும் தொய்வாக.

ஓ-ரிங் வாங்கும்போது காற்றுக்கும் எண்ணெய்க்கும் நைட்ரைல் என்று கேளுங்கள். வெந்நீர் லைனுக்கு ஈபிடிஎம் நல்லது, ஆனால் அதை எண்ணெய் பட்ட லைனில் போட்டால் ஊதிப் பிதுங்கிவிடும். கருப்பாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். சென்னையில் பாரிமுனைப் பக்கம் உள்ள சீல் கடைகளில் பழையதைக் கொண்டுபோய் அளவும் ரப்பர் வகையும் சொல்லிக் கேட்டால் சரியாகக் கிடைக்கும்.

இம்பாக்ட் கன்னுக்கு வேகம் இல்லை

கம்ப்ரசர் மீட்டரில் 7 பார் காட்டும், கன் மட்டும் நட்டைத் திருப்பாது. மீட்டர் நிற்கும் காற்றைக் காட்டுகிறது, உங்களுக்கு வேண்டியது ஓடும் காற்றின் அழுத்தம். ஒரு சின்ன மீட்டரைக் கன்னுக்கு முன்னால் 'T' இணைப்பு போட்டு மாட்டி, டிரிகரை அழுத்திய நிலையில் பாருங்கள். அரை அங்குல இம்பாக்ட் கன்னுக்கு அங்கே 90 பிஎஸ்ஐ, அதாவது 6.2 பார் நிற்க வேண்டும். 4, 5 என்று இறங்கினால் வழியில் எங்கோ நெருக்குகிறது.

ரீலை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய லைனில் கன்னை நேராக மாட்டுங்கள். அங்கேயும் சோர்வாக இருந்தால் கம்ப்ரசர், ஃபில்டர், பைப் அளவு என்று தேட வேண்டும். அங்கே நன்றாக ஓடினால் ரீல்தான்.

ரீலில் முதல் சந்தேகம் ஹோஸின் உள்விட்டம். 8 மிமீ ஹோஸ் ஏர் கன்னால் தூசி ஊதப் போதும், இம்பாக்ட் கன்னுக்குக் குறைந்தது 10 மிமீ வேண்டும். இரண்டே மிமீதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் காற்றின் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் போகிறது. அதே நீளம், அதே காற்று என்றால் 8-லிருந்து 10-க்குப் போகும்போது இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அடுத்தது க்விக் கப்ளர். 10 மிமீ ஹோஸ் வாங்கிவிட்டு, நடுத்துளை சிறிதான மலிவுக் கப்ளரை இரண்டு முனையிலும் போட்டால் போட்ட காசு வீண்.

கன் தொடங்கும்போது நன்றாக இருந்து, இரண்டு நொடியில் சோர்ந்து, விட்டு அழுத்தினால் மறுபடி நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் ஹோஸின் உள் அடுக்கு பிரிந்திருக்கலாம். பிரிந்த தோல் காற்று ஓடும்போது மடங்கி வழியை அடைக்கும், நின்றால் படிந்துவிடும். வெளியே இருந்து எதுவும் தெரியாது. முனையில் ஒரு சாண் வெட்டி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்சுவர் நகத்தில் உரிந்தால் ஹோஸை முழுதாக மாற்ற வேண்டியதுதான். கம்ப்ரசர் எண்ணெயும் தண்ணீரும் லைனில் வருவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்பதால், தினமும் கம்ப்ரசர் டேங்கின் டிரெய்ன் (வடிகால்) வால்வைத் திறக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

ஹோஸ் உடம்பிலேயே குறை

குமிழ் வந்தால் அன்றே கழற்றுங்கள். குமிழ் என்பது உள் அடுக்கு விட்டுப்போய் வெளித்தோல் மட்டும் அழுத்தத்தைத் தாங்குகிற நிலை. வெளித்தோலில் மட்டும் மெல்லிய வெடிப்பு, உள்ளே உள்ள நூல் பின்னல் தெரியவில்லை என்றால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். நூல் தெரிந்தால் மாற்றுங்கள். டேப் சுற்றி ஒட்டுவதும், நடுவில் வெட்டி ஹோஸ் கிளிப் போட்டு இணைப்பதும் ஸ்பிரிங் ரீலில் வேண்டவே வேண்டாம். கிளிப் ரோலரில் மாட்டும், அடுத்த சுற்றில் இருக்கும் ஹோஸையும் கீறும்.

தகரக் கூரைக்கு அடியில் மாட்டிய ரீலில் பிவிசி ஹோஸ் போட்டிருந்தால் சித்திரை, வைகாசியில் அது தளர்ந்துவிடும். பிவிசி ஹோஸில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் சாதாரண அறை வெப்பத்துக்கானது. சூடு ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் கணிசமாகக் குறையும். அந்த இடத்துக்கு ரப்பர்தான் சரி. எடை கூடும் என்பதால் ஸ்பிரிங்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

தண்ணீர் ரீலில் சொட்டு

காற்று ரீலின் ஓ-ரிங் கதைதான் இங்கேயும். கூடுதலாக நம் போர் தண்ணீரின் உப்பு. ஸ்விவலுக்குள் வெள்ளையாகப் படிந்து சுழற்சியை இறுக்கும், ஓ-ரிங்கை அறுக்கும். கழற்றி வினிகரில் ஊற வைத்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

பிரஷர் வாஷரை ரீலில் இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மெஷின்கள் 100 பாருக்கு மேல் தள்ளும். சாதாரணத் தண்ணீர் ரீலின் ஸ்விவல் அதைத் தாங்காது. ரீலில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் மெஷினுடையதைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தே இணையுங்கள். அந்த அழுத்தத்தில் கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள், ஊசிபோல் தோலுக்குள் ஏறிவிடும். அப்படி ஏறினால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேபிள் ரீல் சுடுகிறது, அல்லது தானாக நின்றுவிடுகிறது

கேபிளை இரண்டு மீட்டர் மட்டும் இழுத்து, மீதியைச் சுருளிலேயே வைத்துக்கொண்டு கட்டிங் மெஷின் ஓட்டுவார்கள். கணக்கைப் பாருங்கள். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் 30 மீட்டருக்கு, போக வர இரண்டு கம்பியும் சேர்த்து, மின்தடை சுமார் 0.8 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 80 வாட் வெப்பம் உண்டாகிறது. முழுக்கப் பிரித்துப் போட்டால் அது 30 மீட்டரில் பரவிக் காற்றோடு போய்விடும். சுருளில் இருந்தால் ஒரு குண்டு பல்பைப் போர்வைக்குள் எரியவிட்ட மாதிரி. 15 ஆம்பியர் என்றால் 180 வாட். சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. வெளிச்சுற்றைத் தொட்டால் லேசாகத்தான் சுடும், உள்சுற்று அப்போது இளகிக்கொண்டிருக்கும்.

நல்ல ரீலில் இரண்டு வாட் எண்கள் அச்சிட்டிருக்கும். சுருட்டிய நிலையில் 1000 அல்லது 1200, முழுக்கப் பிரித்த நிலையில் 3000-க்குமேல் என்பதுபோல. ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அது பிரித்த நிலைக்கானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரீல் திடீரென்று நின்றால் சூட்டைப் பார்த்து அணைக்கும் கட்-அவுட் வேலை செய்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கேபிளை முழுக்கப் பிரித்து, ஆறவிட்டு, பிறகு பட்டனை அழுத்துங்கள். மறுபடி மறுபடி நிற்கிறது என்று கட்-அவுட்டைக் கம்பி போட்டு நேராக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு தீப்பிடிப்பதைத் தவிர வேறு எச்சரிக்கை வராது.

ஒரு முறை நன்றாகச் சூடேறிய கேபிளைச் சோதிக்க, முழுக்கப் பிரித்து விரல்களுக்கு நடுவில் மெதுவாக ஓட்டுங்கள். தட்டையான இடம், விறைத்த இடம், பக்கத்துச் சுற்றோடு ஒட்டிப் பிரிந்த பளபளப்பு, இவற்றில் எது தட்டுப்பட்டாலும் கேபிளை மாற்றுங்கள்.

கிரைண்டர் சோம்பலாகத் தொடங்குகிறது என்பதும் இதே கணக்குதான். அந்த 0.8 ஓமில் 10 ஆம்பியருக்கு 8 வோல்ட் போய்விடும். 2.5 ஸ்கொயர் எம்எம் என்றால் 5 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒரு ரீலில் இன்னொரு ரீலை மாட்டினால் இழப்பு இரட்டிப்பு. மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு என்பதால் அந்த நொடியில் இழப்பும் பல மடங்காகும்.

ஆர்சிசிபி விழுகிறது

மின்கசிவு வந்தால் தானாக லைனை அணைக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. எல்லா டூலையும் கழற்றிவிட்டு வெறும் ரீலை மட்டும் மாட்டுங்கள். விழுந்தால் ரீல். விழவில்லை என்றால் டூல்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். கேபிளை இழுக்கும்போது மட்டும் விழுகிறது என்றால், தோல் கிழிந்த இடம் ஒன்று இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் ரீலில், சுற்றும் டிரம்முக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங்கில் கார்பன் தூள் சேர்ந்திருக்கிறது. ஈரமான தரையில் கிடந்த சாக்கெட்டைக் காயவைத்துப் பார்ப்பதும் உண்டு. எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் 500 வோல்ட்டில் பேஸும் நியூட்ரலும் சேர்த்து எர்த்துக்கு அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த ரீலை ஒதுக்கி வையுங்கள். விழுகிறதே என்று ஆர்சிசிபி இல்லாத வேறு பாயின்ட்டில் மாட்டுவதுதான் நடக்கக் கூடாதது.

பிளக் கருகுவதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 6 ஆம்பியர் பிளக்கில் 16 ஆம்பியர் வேலை, அல்லது தளர்ந்த ஸ்க்ரூ. கம்பிப் பிரிகளை ஈயம் வைத்து ஒட்டி ஸ்க்ரூவில் வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அமுங்கிக்கொடுத்து ஸ்க்ரூ தளரும். கம்பியோடு நசுக்கிப் பூட்டும் கிரிம்ப் முனை போடுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

இந்த ஒரு கோளாறுக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். ரீலில் எர்த் கம்பி அறுந்திருந்தால் எதுவும் காட்டாது. லைட் எரியும், கிரைண்டர் சுற்றும், எதுவும் சுடாது, எதுவும் விழாது. மேலே சொன்ன எந்தத் தலைப்பிலும் அது வராது.

எர்த் நன்றாக இருந்தால், டூலின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்த அந்த நொடியே அது எர்த் வழியாக ஓடி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் அறுந்திருந்தால் ஓட வழி இல்லை, ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். உடம்பில் 230 வோல்ட்டோடு மெஷின் ஆளுக்காகக் காத்திருக்கும். யாராவது தொட்ட பிறகுதான், அவர் உடம்பு வழியாக ஓடிய பிறகுதான் ஆர்சிசிபி விழ வேண்டும். ஆர்சிசிபி இல்லாத இடம் என்றால் சொல்லவே வேண்டாம்.

சோதனை எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் மறுமுனையை ரீல் சாக்கெட்டின் பெரிய துளையிலும் வையுங்கள். 30 மீட்டர் 1.5 ஸ்கொயர் எம்எம் கேபிளில் எர்த் கம்பி 0.4 ஓம் காட்ட வேண்டும், 2.5 என்றால் 0.25 ஓம் சுற்றி. மீட்டர் ஒயர்களை ஒன்றோடு ஒன்று தொட்டுப் பார்த்து அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ரீல் என்றால் இன்னொருவர் மெதுவாகக் கேபிளை முழு நீளமும் இழுக்க, எண் எங்காவது துள்ளுகிறதா என்று பாருங்கள். ஸ்லிப் ரிங்கில் பிரஷ் தேய்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் துள்ளும். டிரம் உலோகம் என்றால் அதற்கும் பெரிய பின்னுக்கும் இதே சோதனை. ஒரே ஒரு பிரி ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும் என்பதால், பிளக்கையும் சாக்கெட்டையும் திறந்து பச்சை-மஞ்சள் கம்பியைக் கண்ணாலும் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் இரண்டு கம்பிக் கேபிள் போட்டு விற்கும் ரீல்களும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மாதம் ஒரு முறை இதைச் செய்து, தேதியை டிரம்மிலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

தீயணைப்பு ரீல்

ஐஎஸ் 884 என்ற இந்தியத் தர முத்திரையோடு சுவரில் தொங்கும் சிவப்பு ரீலைத் தரை கழுவ எடுக்காதீர்கள். எடுத்தால் வால்வு திறந்தே கிடக்கும், நாசில் காணாமல் போகும், ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் நின்று கெடும். மாதம் ஒரு முறை வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது முழு நீளமும் இழுத்துப் பாருங்கள். பல இடங்களில் உள்சுற்று ஒட்டிப்போய்ப் பாதிதான் வெளியே வரும். ரீலுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதும் கோளாறுதான்.

வாங்கும்போது

நீளத்தை அளந்து வாங்குங்கள். கூரையில் 3 மீட்டர் உயரத்தில் ரீல், வேலை 1 மீட்டர் உயரத்தில், பக்கவாட்டில் எட்டு மீட்டர் எட்ட வேண்டும் என்றால், நேர்க்கோட்டில் 8.2 மீட்டர்தான். தொய்வுக்கு ஒன்றரை மீட்டர் சேர்த்தால் 10 மீட்டர் ரீல் போதும். 'இருக்கட்டுமே' என்று 20 மீட்டர் வாங்கினால் மீதி எப்போதும் டிரம்மில் கிடக்கும். காற்று ரீலில் அது அழுத்தத்தைத் தின்னும், கேபிள் ரீலில் சூட்டைச் சேர்க்கும். ஒரு நீள ரீலுக்குப் பதில் இரண்டு குட்டை ரீல்கள் பெரும்பாலான பட்டறைகளுக்குப் பொருந்தும்.

கேபிள் ரீலில் 2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கம்பி, சூட்டுக் கட்-அவுட், 16 ஆம்பியர் சாக்கெட் என்று நான்கையும் கேளுங்கள். ஈரம் படும் இடத்துக்கு மூடி வைத்த, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 சாக்கெட்டும் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கும் வாங்குவது நல்லது. காற்று ரீலில் நான்கு பக்கமும் ரோலர், எஃகு சட்டம், உள்ளே போகும் வழி முழுக்க ஒரே விட்டம் என்று பாருங்கள். ஹோஸ் 10 மிமீ என்று போட்டுவிட்டு ஸ்விவல் துளையை 6 மிமீ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மூடியைக் கழற்றச் சொல்லி விரல் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

விலை பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு ஓ-ரிங் செட்டும் ஸ்பிரிங் டப்பாவும் தனியாக் கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் அப்போதே ஒரு ஓ-ரிங் செட் சேர்த்து வாங்கி, ரீலின் மாடல் எண்ணோடு ஒரு கவரில் போட்டு டூல் ரூமில் வையுங்கள். கிடைக்காது என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.